பயிற்சியாளர் ஊருக்குப் போகிறார்: வாடிக்கையாளரைக் கைவிடாமல் விடுமுறை எடுப்பது எப்படி?

பெர்சனல் டிரெய்னர் வேலைக்கு வந்த புதிதில் பலரும் விடுமுறையே எடுப்பதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு குழு, ஏழு மணிக்கு கே.கே. நகரில் ஒரு வீடு, மாலையில் ஜிம், இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு என்று நாள் இரண்டாகப் பிளந்து கிடக்கும். நடுவில் ஊரில் கெடா வெட்டு, அக்கா மகளுக்குச் சடங்கு, தனக்கே காய்ச்சல் என்று ஏதாவது வந்தால், முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு “நாளைக்கு வர முடியாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாடிக்கையாளருக்கு எரிச்சல் வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான். விடுமுறையை அவர் புரிந்துகொள்வார். அவரும் குடும்பம் குட்டி உள்ளவர்தானே.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தத் தொழிலைத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: விடுமுறையும் பயிற்சித் திட்டத்தில் ஒரு பகுதி. நீங்கள் இல்லாத பத்து நாளில் உங்கள் வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதையும் நீங்களேதான் முன்கூட்டி வகுத்துக் கொடுக்க வேண்டும். கூடவே நின்று “இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று” என்று எண்ணிக்கை சொல்வதற்கு மட்டும் அவர் பணம் கொடுக்கவில்லை.

சேரும் அன்றே பேசிவிடுங்கள்

புதிதாக ஒருவர் சேரும்போது உயரம், எடை, பழைய காயம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறோம். அதே தாளின் கடைசியில் விடுமுறைக்கும் சில வரிகள் சேர்த்துவிடுங்கள். எப்படி எழுதுவது என்று தயங்குபவர்களுக்கு ஒரு மாதிரி:

“ஆண்டில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் வரை விடுமுறை எடுப்பேன். தேதியை நான்கு வாரத்துக்கு முன்பே தெரிவிப்பேன். அந்த நாள்களுக்கு மாற்றுப் பயிற்சியாளர், வீட்டுப் பயிற்சித் திட்டம், வகுப்புகளைத் தள்ளிவைத்தல் ஆகிய மூன்றில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உடல்நலக் குறைவு, துக்க நிகழ்வு போன்றவற்றால் வகுப்பு நின்றால் அது உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும்.”

பணம் வாங்குவதற்கு முன்னால் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தாளில் இருக்கிறதே என்று கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது, யாரும் படிப்பதில்லை. வாடிக்கையாளர் வராமல் போகும் நாள்களுக்கான விதியையும் அப்போதே சொல்லிவிடலாம். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னால் வகுப்பு கழியாது, அதன்பிறகு சொன்னால் கழியும் என்பது போல. இரு பக்கத்துக்கும் விதி இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ஜிம்மில் வேலை பார்ப்பவர்கள் முதலில் மேலாளரிடம் பேசிவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் வாய் திறக்க வேண்டும். வாடிக்கையாளர் மூலமாக மேலாளருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் அந்த மனக்கசப்பு தீர நாளாகும்.

மதுரை நாள்காட்டியைக் கையில் எடுங்கள்

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. நாம் விடுமுறை அறிவிக்காவிட்டாலும் ஊர் அறிவித்துவிடும். மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அதையொட்டி அழகருக்கு எதிர்சேவை, அடுத்த நாள் சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்குவது என்று வரும் அந்த நாள்களில் மாசி வீதிகளிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமும் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுத்துவிட முடியுமா? வாடிக்கையாளர் வீட்டிலும் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் அதை ஒட்டியே வரும். கோடை வெயில் வேறு நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நீண்ட விடுமுறை எடுக்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது. உங்களில் பாதிப் பேர் அந்த வாரத்தில் எப்படியும் சம்பாதிக்கப் போவதில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து வாடிக்கையாளர் அழைப்புக்குக் காத்திருப்பதற்குப் பதில் முறையாக அறிவித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் எல்லாப் பண்டிகையும் இப்படி உதவாது. பொங்கலைப் பாருங்கள். ஜனவரி 1 அன்று சபதம் எடுத்து ஜிம்முக்கு வருகிறவர்கள் ஏராளம். உடம்பு வலி தணிந்து, அதிகாலை எழும் பழக்கம் அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கும். அதற்குள் பொங்கல் வந்துவிடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு, அதற்கு மேல் சொந்த ஊர்ப் பயணம். ஒரு வாரம் விட்டுப்போனவர் திரும்பி வருவதே இல்லை. பழைய ஆள்களை விட்டுவிட்டுப் பொங்கலுக்குத் தாராளமாகப் போங்கள்; புத்தாண்டில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் திரும்பும் தேதியையும் நேரத்தையும் கையோடு பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். “பொங்கல் முடிந்து பார்க்கலாம்” என்று சொல்லிப் பிரிந்தால் ஆள் போனது போனதுதான்.

கல்யாணக் கணக்கும் ஒன்று உண்டு. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தை பிறந்தால் வரிசையாகக் கல்யாணம். அதற்கு உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வருகிற மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் உங்கள் கையில் இருப்பார்கள். அதே கார்த்திகையில்தான் நீங்கள் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகத் திட்டமிட்டிருப்பீர்கள். ஆடியிலும் இப்படித்தான்; முகூர்த்தம் இல்லாத மாதம், ஆவணியில் தாலி கட்டப் போகிறவர் முழுமூச்சாகப் பயிற்சிக்கு வருவார். தாலி கட்டும் தேதிக்கு முந்தைய ஆறு வாரத்தில் நீண்ட விடுமுறை எடுப்பதைத் தவிர்க்கலாம். முடியாது என்றால் அவரைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை.

மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் பயிற்சிக்கு வரவே மாட்டார்கள். ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகர்வதால் அதைத் தமிழ் மாதத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் “குலதெய்வம் கும்பிடு எப்போது, வீட்டில் விசேஷம் உண்டா, பிள்ளைகளுக்குத் தேர்வு எப்போது” என்று கேட்டு ஒரே நாள்காட்டியில் எழுதுங்கள். பெரும்பாலானோர் எந்த வாரத்தில் வரமாட்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். உங்கள் விடுமுறையை அங்கே வையுங்கள்.

யாருக்கு எவ்வளவு பாதிப்பு?

“பத்து நாள் விட்டால் உடம்பு போய்விடுமா மாஸ்டர்?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பதிலைத் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்குத் தசை வலிமை இரண்டு மூன்று வாரம் பெரிதாகக் குறையாது. மூச்சுத் திறன் அதைவிடச் சீக்கிரம் இறங்கும். ஓடுகிறவர்கள் இரண்டு வாரத்திலேயே வித்தியாசத்தை உணர்வார்கள். கண்ணாடியில் பார்த்துக் “கை சுருங்கிவிட்டது” என்று சிலர் பதறுவார்கள். தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) குறைகிறது, அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் குறைகிறது, அவ்வளவுதான். மறுபடி பயிற்சி தொடங்கினால் சில நாளில் திரும்பிவிடும். வாரம் ஒரு முறை, அதே எடையில் செட்டுகளை மட்டும் குறைத்துச் செய்தால்கூட இளைஞர்களுக்கு வலிமை தக்கவைக்கப்படும். வயதானவர்களுக்கு வாரம் இரண்டு முறை கொடுப்பது நல்லது.

உண்மையில் கவனம் வேண்டியது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஒன்றிரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள்தான் நீடிக்கும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடல் அசைவில்லாமல் இருக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆணழகன் போட்டிக்குத் தயாராகும் இளைஞனைவிட, உங்கள் பத்து நாள் விடுமுறை இவரைத்தான் அதிகம் பாதிக்கும். ஆனால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்த இளைஞனுக்குத்தான் பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள்.

சர்க்கரைக்காரருக்கு விடுமுறைத் திட்டம் எளிமையானது. மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சுவரில் கை ஊன்றித் தண்டாலும். திருவிழா மண்டகப்படியில் பானகத்தைத் தவிர்த்து நீர்மோர் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் என்றால் கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டுதல் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டாருக்கும் சொல்லுங்கள்: உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. இதற்கு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இவர்களுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியவர்கள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள், அறுவைச் சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ பிறகு பயிற்சி தொடங்கியவர்கள். மற்றவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

வீட்டுப் பயிற்சித் திட்டம்

இதில் இரண்டு தவறுகளைப் பார்க்கிறேன். ஒன்று, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பி.டி.எஃப். கோப்பை அனுப்பிவிடுவது. இன்னொன்று, ஜிம்மில் செய்ததை அப்படியே வீட்டில் செய்யச் சொல்வது. இரண்டையும் யாரும் செய்ய மாட்டார்கள்.

விடுமுறைத் திட்டம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் வரும் ஒவ்வொரு பயிற்சியும் அவர் ஏற்கெனவே உங்கள் முன்னால் சரியாகச் செய்து காட்டியதாக இருக்க வேண்டும். நீங்கள் இல்லாத நேரம் புதிய பயிற்சி கற்றுக்கொள்ளும் நேரமாக இருக்கக் கூடாது.

பொருளுக்கு எங்கும் போக வேண்டாம். எல்லா வீட்டிலும் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. நிரம்பியிருந்தால் இருபது கிலோ, பாதி இருந்தால் பத்து. குனிந்து தூக்கும் முறை தெரிந்தவருக்கு அது நல்ல எடை. முதுகை வளைத்துத் தூக்குகிற ஆளுக்கு அதைத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது. ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பஸ்கி எடுக்கலாம். வாசல்படியில் ஏறி இறங்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியைப் பயன்படுத்தினால் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்ல மறக்காதீர்கள். டைல்ஸ் தரையில் அது வழுக்கும்.

நடைக்கு எண்ணிக்கையாகச் சொல்லுங்கள், நேரமாகச் சொன்னால் ஏமாற்றுவார்கள். தெப்பக்குளம் பக்கம் இருப்பவருக்கு இது வசதி. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தின் பக்கங்கள் ஏறக்குறைய ஆயிரம் அடி. ஒரு முறை சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். “தினமும் மூன்று சுற்று” என்று எழுதினால் அதில் பேரம் பேச இடமில்லை. திருநகர், நாகமலைப் பக்கம் இருக்கும் திடகாத்திரமானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைப் படி ஏறுவதை வைக்கலாம். கோடையாக இருந்தால் எதுவும் காலை ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

காணொளி எடுத்துக் கொடுப்பதில் ஒரு முறை நன்றாகப் பலிக்கிறது. நீங்கள் செய்து காட்டி எடுக்காதீர்கள். விடுமுறைக்கு முந்தைய வாரம், வாடிக்கையாளரின் போனை வாங்கி, அவரே அவர் வீட்டு நாற்காலியில் சரியாகச் செய்வதைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். பின்னால் உங்கள் குரல் மட்டும்: “முட்டி உள்ளே போகிறது, வெளியே தள்ளுங்கள்... அதுதான், அந்த இடம்தான்.” ஒரு பயிற்சிக்கு ஒரு நிமிடத்துக்குள் ஒரு காணொளி போதும். உங்கள் கட்டுமஸ்தான உடம்பைப் பார்த்து அவர் கற்றுக்கொள்வதைவிட, தானே சரியாகச் செய்ததைப் பார்க்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பது நன்றாக நினைவுக்கு வரும்.

புறப்படுவதற்கு முன் கடைசி இரண்டு வகுப்புகளில் இந்தத் திட்டத்தையே செய்ய வையுங்கள். நீங்கள் ஓரமாக நின்று பேசாமல் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்தப் பயிற்சியை எடுத்துவிட்டு எளிதானதை வையுங்கள்.

மாற்றுப் பயிற்சியாளர்

எல்லாருக்கும் இது தேவைப்படாது. ஆனால் சிலரைத் தனியே விட முடியாது. அவர்களுக்கு ஆள் வேண்டும்.

புதியவர்களின் பயம், “வருகிறவர் என் ஆளைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்” என்பது. அது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உங்கள் பகுதியிலேயே, உங்கள் நேரத்திலேயே புது ஆள் தேடிக்கொண்டிருப்பவரைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் அண்ணா நகரில் காலை நேரம் பார்ப்பவர் என்றால், திருப்பரங்குன்றம் பக்கம் மாலை நேரம் நிரம்பி வழிகிற ஒருவர் பொருத்தம். அதைவிட நல்லது, பரிமாற்ற ஏற்பாடு. அவர் நோன்பு இருப்பவர் என்றால், ரம்ஜான் மாதத்தில் அவருடைய மாலை வகுப்புகளை நீங்கள் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் உங்கள் வகுப்புகளை அவர் பார்க்கட்டும். இருவருக்கும் கடன் இருக்கும்போது இருவரும் ஒழுங்காக இருப்பார்கள். முதலுதவியும் மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முறையும் தெரிந்தவராக இருப்பது கட்டாயம்.

பெண் வாடிக்கையாளர் வீட்டுக்கு மாற்று ஆள் போவதாக இருந்தால் அவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். பெண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்றால் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் வீட்டுத் திட்டமே போதும். “ரொம்ப நல்ல பையன்தான் அக்கா” என்று வற்புறுத்துவது வேண்டாம்.

ஒப்படைப்புத் தாள் என்று ஒன்று எழுத வேண்டும். பலரும் இதில் பயிற்சிப் பட்டியலை மட்டும் எழுதுவார்கள். ஒரு நல்ல தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

“58 வயது. இடது முழங்காலில் தேய்மானம். ரத்த அழுத்த மாத்திரை காலையில் சாப்பிடுவார். சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத் தொடங்கவும். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிப்பார், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் பிடிக்க முடியாது. நாற்காலிப் பஸ்கி எட்டு வீதம் மூன்று செட். தரையில் உட்கார்ந்து எழும் எதுவும் வேண்டாம். ‘வலிக்கிறதா அம்மா’ என்று கேட்டால் ‘இல்லை தம்பி’ என்றுதான் சொல்வார். பதிலை நம்பாமல் முகத்தைப் பார்க்கவும். வலித்தால் இடது கை தானாகச் சேலைத் தலைப்பைப் பிடிக்கும். காபி கொடுப்பார், மறுத்தால் வருத்தப்படுவார்.”

கடைசி நான்கு வரிகள்தான் அந்தத் தாளின் மதிப்பு. செட்டும் எண்ணிக்கையும் யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம்.

இவ்வளவு விவரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒப்புதல் வாங்குங்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் முதலில் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது மரியாதை. ‘முன்னால், பின்னால்’ என்று எடுத்துவைத்திருக்கும் உடல் புகைப்படங்களை மாற்றுப் பயிற்சியாளருக்கு அனுப்பவே கூடாது. அவருக்கு அது எதற்கு?

புறப்படுவதற்கு முன் ஒரு வகுப்புக்காவது இருவரும் சேர்ந்து போங்கள். பாதி வகுப்பை நீங்கள் நடத்துங்கள், மீதியை அவர் நடத்தட்டும். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், எடையைக் கூட்ட வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வந்த இடத்தில் திறமையைக் காட்ட நினைத்து முதல் நாளிலேயே வாடிக்கையாளரைப் பிழிந்து எடுக்கிறவர்கள் உண்டு.

போனும் நீங்களும்

விடுமுறையில் போய் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க பதில் போட்டுக்கொண்டிருந்தால் அது விடுமுறையும் ஆகாது, வேலையும் ஆகாது. ஒரு நேரம் வையுங்கள். மாலை ஏழிலிருந்து ஏழரை வரை. அதற்குள் வந்த கேள்விகளுக்கு அன்றே பதில், பிறகு வந்தவற்றுக்கு மறுநாள். குரல் பதிவாக அனுப்பினால் உங்களுக்கும் வேலை குறைவு, அவர்களுக்கும் உங்கள் குரலைக் கேட்ட திருப்தி.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் அதில் தானியங்கிப் பதில் அமைக்கலாம். இப்படி எழுதலாம்: “வணக்கம். 20-ஆம் தேதி வரை விடுமுறையில் இருக்கிறேன். பயிற்சி குறித்த கேள்விகளுக்கு மாலை 7 மணிக்குப் பதில் தருகிறேன். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் எனக்கு எழுத வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.” கடைசி வரி அவசியம். நெஞ்சு வலியைப் பயிற்சியாளரிடம் கேட்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்ப, குழு தொடங்க வேண்டாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். யார் செய்தார், யார் செய்யவில்லை என்ற வேடிக்கையும் தொடங்கிவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அதன் செய்தி போய்ச் சேரும் என்பதால், கிளம்புவதற்கு முன்பே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி யாருக்கெல்லாம் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பில் வகுப்பு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வாரம் ஒன்று, அதுவும் உண்மையில் தேவைப்படுகிற ஒன்றிரண்டு பேருக்கு எடுக்கலாம். எல்லாருக்கும் தொடங்கினால் ஊரிலும் அதே காலை ஐந்து மணிதான். அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக் கரைப் பக்கம் இருப்பவருடன் வீடியோ அழைப்பு வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

இன்னொன்று. பதில் போடாமல் இருந்துகொண்டு, கொடைக்கானல் படகுத்துறையில் நிற்கிற படத்தை மட்டும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் திரும்பி வந்து வையுங்கள்.

பணம்

ஆண்டுக்கு முந்நூறு வேலை நாள், அதில் இருபத்து நான்கு நாள் விடுமுறை என்று வைத்துக்கொண்டால், வருகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எட்டு ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால் விடுமுறை நாள்களிலும் வீட்டுச் செலவு அதே அளவில் ஓடும். எட்டு ரூபாய் எடுத்து வைக்க முடியாத அளவுக்குக் கட்டணம் இருந்தால், பிரச்சினை விடுமுறையில் இல்லை, கட்டணத்தில் இருக்கிறது.

மாற்றுப் பயிற்சியாளருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். உழைப்பவருக்குப் பெரும்பங்கு போக வேண்டும். வகுப்புக் கட்டணத்தில் அறுபது எழுபது சதவீதம் கொடுத்தால் மனம் நோகாமல் செய்வார். வாடிக்கையாளர் உங்களுக்கே கட்டட்டும், நீங்கள் அவருக்கு வாரக் கடைசியில் கூகுள் பே மூலம் அனுப்பிவிடுங்கள். பரிமாற்ற ஏற்பாடாக இருந்தால் பணமே வேண்டாம், வகுப்புக்கு வகுப்பு கணக்கு.

வீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முழுக் கட்டணம் வாங்குவது நியாயமில்லை. வகுப்புகளைத் தள்ளிவைத்து, காலாவதித் தேதியை அத்தனை நாள் நீட்டிவிடுங்கள்.

திடீரென்று கிளம்ப வேண்டியிருந்தால்

துக்க வீட்டில் நின்றுகொண்டு இருபது பேருக்குச் செய்தி அனுப்ப முடியாது. அதனால் நம்பகமான ஒருவரிடம், மனைவியோ கணவரோ தம்பியோ சக பயிற்சியாளரோ, வாடிக்கையாளர் பெயர், எண், வகுப்பு நேரம் அடங்கிய பட்டியலை முன்பே கொடுத்து வையுங்கள். என்ன எழுத வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். “மாஸ்டர் வீட்டில் ஒரு துக்கம். நான்கு நாள் வகுப்பு இல்லை. உங்கள் வகுப்புகள் கணக்கில் இருக்கும். திங்கள்கிழமை அவரே பேசுவார்.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மறுநாள் காலை முதல் வகுப்பு யாருக்கோ அவருக்கு மட்டும் செய்தி போதாது, போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு மைதானத்தில் தனியாக நின்றவர் அதை நெடுநாள் மறக்க மாட்டார்.

திரும்பி வந்த வாரம்

வந்த நாளே பழைய எடையில் தொடங்காதீர்கள். வீட்டுத் திட்டத்தை ஒழுங்காகச் செய்தவருக்கு முதல் வாரம் செட்டுகளை மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள். எதுவுமே செய்யாதவருக்குப் பாதி. இரண்டாவது வாரம் பழைய அளவு. கறிவிருந்து சாப்பிட்ட குற்ற உணர்வில் “இன்றைக்கு இரண்டு மடங்கு வாங்குங்கள் மாஸ்டர்” என்று சொல்கிறவர்களுக்குத் தலையாட்டாதீர்கள். மறுநாள் படி இறங்க முடியாமல் அவர்களே வகுப்பை ரத்து செய்வார்கள்.

“ஏன் செய்யவில்லை” என்று கேட்பதைவிட, “எத்தனை நாள் முடிந்தது, எது கஷ்டமாக இருந்தது” என்று கேளுங்கள். பத்து நாளில் மூன்று நாள் செய்தவரிடம் அந்த மூன்று நாளைப் பற்றிப் பேசுங்கள்; எந்த நேரத்தில் செய்தார், எந்தப் பயிற்சியை விரும்பினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறைத் திட்டத்தை அந்தக் குறிப்பிலிருந்துதான் எழுத வேண்டும். சர்க்கரை உள்ளவர்களிடம் வீட்டுக் கருவியில் பார்த்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

மாற்றுப் பயிற்சியாளரோடு ஒரு டீ குடித்துக்கொண்டே ஒவ்வொருவரைப் பற்றியும் கேளுங்கள். நீங்கள் பார்த்துப் பழகிப்போன தவறுகள் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஒருவர் வலது பக்கம் சாய்ந்தே பஸ்கி எடுக்கிறார் என்பார். இத்தனை மாதம் அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முகம் சுருங்காமல் கேட்டுக்கொண்டு, பாக்கி இருந்தால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். அவருடைய விடுமுறைத் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.